காலநிலை ஒப்பந்தமும் சட்டமியற்றும் அவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாநாடு என்றதும் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் நினைவுக்கு வரும். அந்தப் படத்தில் இல்லாத சிலர் உண்டு. அவரவர் நாட்டு அவையில், அவரவர் தொகுதிக் கவலையோடு, மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள். ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவர்கள்தான் என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களை அந்தச் சாய்வோடுதான் எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டில் போய்ப் பேசுவது அரசாங்கம். சட்டமியற்றும் அவைக்கு அதில் என்ன வேலை?

கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அரசாங்கத்தின் வேலை. கையெழுத்து என்பது சம்மதம். அதற்குப் பிறகு ‘இந்த ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தும்’ என்று முறைப்படி ஏற்புறுதி அளிக்க வேண்டும். பல நாடுகளில் அதற்கு அவையின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் தேவைப்படாத நாட்டிலும் வாக்குறுதியை நடைமுறைக்குக் கொண்டுவரச் சட்டம் வேண்டும். சட்டத்தை நடத்தப் பணம் வேண்டும். இரண்டும் அவையைத் தாண்டி வர முடியாது.

பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் நாட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று யோசிப்பதைவிட, ஊர் திரும்பினால் அவையில் இதை நிறைவேற்ற முடியுமா என்றுதான் அவர்கள் அதிகம் யோசிப்பார்கள். அதையே பேரம் பேசும் ஆயுதமாகவும் பயன்படுத்துவார்கள். ‘எனக்குச் சம்மதம்தான், எங்கள் அவை விடாது’ என்று சொல்லிவிட்டால் எதிராளியால் என்ன செய்ய முடியும்?

‘95-0’ என்று அடிக்கடி குறிப்பிடுகிறார்களே, அது என்ன?

1997 ஜூலை 25. வளர்ந்த நாடுகளின் வாயு உமிழ்வுக்கு வரம்பு கட்டிய கியோட்டோ மாநாட்டுக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. அமெரிக்க செனட்டில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கொண்டுவந்தவர்கள் இருவர்: மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட், ஜனநாயகக் கட்சிக்காரர், நெப்ராஸ்காவின் சக் ஹேகல், குடியரசுக் கட்சிக்காரர். மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மாநிலம் என்று சொன்னால் பாதிக் கதை புரிந்துவிடும். வளரும் நாடுகளுக்கும் அதே காலக்கெடுவுக்குள் கட்டுப்பாடு விதிக்காத ஒப்பந்தத்திலோ, அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கடும் பாதிப்பை உண்டாக்கும் ஒப்பந்தத்திலோ நாடு கையெழுத்திடக் கூடாது என்பது தீர்மானத்தின் சாரம். ஆதரவு 95, எதிர்ப்பு பூஜ்ஜியம்.

இந்தத் தீர்மானம் அதிபரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அமெரிக்காவில் ஒப்பந்தம் ஒன்று நிறைவேற, வாக்களிக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். 100 பேரும் வந்திருந்தால் 67 வாக்கு. 95 பேர் முன்கூட்டியே முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு கணக்கு எப்படித் தேறும்? அந்த டிசம்பரில் கியோட்டோவில் அமெரிக்கா 7 சதவீத உமிழ்வுக் குறைப்புக்குச் சம்மதித்தது. 1998 நவம்பரில் கையெழுத்தும் போட்டது. கிளின்டன் அதை செனட்டுக்கு அனுப்பவே இல்லை. 2001 மார்ச்சில் புஷ் அரசு வெளிப்படையாகவே கைகழுவியது.

ஆதரித்து வாக்களித்தவர்களில் ஜான் கெர்ரியும் ஒருவர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆண்டு கழித்து மறுபடி வருவார்.

அமெரிக்கா விலகிய பிறகும் கியோட்டோ ஒப்பந்தம் எப்படி உயிர் பெற்றது?

ரஷ்யாவின் தயவில். ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 55 நாடுகள் ஏற்க வேண்டும். அதோடு, வளர்ந்த நாடுகளின் 1990-ஆம் ஆண்டுக் கரியமில வாயு உமிழ்வில் 55 சதவீதத்துக்குப் பொறுப்பான நாடுகள் அந்த ஏற்பில் அடங்க வேண்டும். அமெரிக்காவின் பங்கு மட்டுமே 36 சதவீதம். அது போய்விட்டதால் 17 சதவீதப் பங்கு வைத்திருந்த ரஷ்யாவை விட்டால் வழி இல்லை. இந்தப் பிடியை மாஸ்கோ நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. உலக வர்த்தக அமைப்பில் ரஷ்யா சேர்வதற்கு 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் சம்மதித்தது. கியோட்டோவை விரைவுபடுத்துவோம் என்றார் புதின். அக்டோபர் 22 அன்று ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான டூமா 334-73 என்று ஏற்று வாக்களித்தது. 2005 பிப்ரவரி 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வர்த்தக பேரம் ஒன்றின் பக்கவாட்டில்தான் உலகின் முதல் கட்டாய உமிழ்வுக் குறைப்பு பிறந்தது.

பாரிஸில் ஒரே ஒரு சொல்லுக்காக எல்லாம் நின்றுபோனதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2015 டிசம்பர் 12, சனிக்கிழமை மாலை, பாரிஸ் காலநிலை மாநாட்டின் கடைசி நேரம். இறுதி வரைவு அச்சாகிப் பிரதிநிதிகள் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்க வழக்கறிஞர்கள் 4-ஆம் பிரிவின் 4-ஆம் பத்தியைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார்கள். வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுமைக்குமான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை ஏற்றுத் தொடர்ந்து முன்னிற்க வேண்டும் என்னும் வாக்கியத்தில் ஆங்கிலத்தின் ‘ஷால்’ இருந்தது. அடுத்த வாக்கியத்தில் வளரும் நாடுகளுக்கு ‘ஷுட்’. முன்னது ‘செய்தே தீர வேண்டும்’; பின்னது ‘செய்வது முறை’. தமிழில் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிட்டுப் போய்விடலாம். ஒப்பந்த மொழியில் அது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

‘ஷால்’ இருந்தால் அமெரிக்காவுக்குச் சட்டப்படியான புதிய உமிழ்வுக் கடமை வந்துவிடும். வந்தால் செனட்டுக்குப் போக வேண்டும். செனட்டில் அப்போது குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. 67 வாக்கு கனவிலும் கிடைக்காது. ‘ஷுட்’ என்றால் அதிபர் தன் நிர்வாக அதிகாரத்திலேயே ஏற்றுக்கொள்ளலாம். அரங்கில் நின்று சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்று வாதாடிய வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? அதே ஜான் கெர்ரிதான். 1997-இல் தான் போட்ட வாக்கின் நிழலோடு 2015-இல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் தொடங்காமல் நேரம் ஓடியது. மேடைக்குக் கீழே சிறு சிறு வட்டமாக நின்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் செயலகத்தின் அதிகாரி ஒருவர், அச்சுப்பிழைத் திருத்தங்கள் என்று ஒரு பட்டியலை ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தார். காற்புள்ளி, பத்தி எண் போன்ற சங்கதிகளுக்கு நடுவே ‘ஷால்’ என்பது ‘ஷுட்’ ஆனது. நிகரகுவா ஆட்சேபிக்கக் காத்திருந்தது. தலைமை வகித்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபாபியூஸ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சுத்தியலைத் தட்டிவிட்டார். நிகரகுவா அதற்குப் பிறகுதான் பேச முடிந்தது.

இதைத் தந்திரம் என்பவர்களும் உண்டு, சாமர்த்தியம் என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்த அறைக்குள் கால் வைக்காத செனட்டர்கள் எழுதிய வாக்கியம் அது.

வரைவுகளில் எங்கு பார்த்தாலும் சதுர அடைப்புக்குறிகள் இருக்கின்றனவே, ஏன்?

சதுர அடைப்புக்குள் இருப்பது இன்னும் ஒத்துக்கொள்ளப்படாதது. ஒரு சொல்லுக்கு நான்கு மாற்றுச் சொற்கள், அவை ஒவ்வொன்றும் ஓர் அடைப்புக்குள், அந்த அடைப்புக்குள் இன்னோர் அடைப்பு என்று போகும். நீக்குவது கடினம், ஏனென்றால் இங்கே வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுப்பு விதியை நாடுகள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளாததால் எல்லாமே கருத்தொற்றுமையில்தான் முடிய வேண்டும்.

இந்தியாவில் காலநிலை ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையா?

தேவையில்லை. அரசமைப்பின் 73-ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரத்துக்குள் ஒப்பந்தம் செய்வதும் அடங்குகிறது. 2016 அக்டோபர் 2 அன்று இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்துக்கு ஏற்புறுதி அளித்தது. அமைச்சரவை முடிவு செய்தது, பத்திரம் ஐ.நா.வில் ஒப்படைக்கப்பட்டது, அவ்வளவுதான். அவையில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

இதற்கு மறுபக்கம் 253-ஆவது பிரிவு. வெளிநாட்டு ஒப்பந்தத்தையோ மாநாட்டு முடிவையோ நிறைவேற்ற நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றலாம். மாநிலப் பட்டியலில் உள்ள பொருளானாலும் சரி. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டமும், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் இந்த வழியில் வந்தவை. இரண்டின் முகவுரையிலும் 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு இருக்கிறது. ஆக, கையெழுத்திடும்போது நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட பிறகு மாநிலங்களின் அதிகார எல்லைக்குள்ளும் நாடாளுமன்றம் நுழையலாம். மாநில உரிமை பேசுகிறவர்கள் இந்த ஜோடிப் பிரிவுகளைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வியப்பு.

ஒப்புதல் தேவையில்லை என்றால், இந்திய நாடாளுமன்ற விவாதத்துக்கு எந்தப் பலனும் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 2009 டிசம்பர் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோபன்ஹேகன் மாநாட்டுக்குச் சில நாட்களே இருந்தன. மக்களவையில் காலநிலை மாற்றம் பற்றி விவாதம். பதிலளித்த சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ், 2005-ஐ அடிப்படையாகக் கொண்டு 2020-க்குள் உமிழ்வுச் செறிவை 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தார். உமிழ்வுச் செறிவு என்பது ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் எவ்வளவு வாயு வெளியாகிறது என்னும் கணக்கு. மொத்த உமிழ்வு கூடலாம். செறிவு குறைந்தால் போதும்.

அறிவிப்போடு வேலியும் போட்டார். சட்டப்படி கட்டுப்படுத்தும் குறைப்பை ஏற்க மாட்டோம், உமிழ்வு உச்சத்தை எட்டும் ஆண்டு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று அவையிலேயே சொன்னார். எதிர்க்கட்சிகளுக்கு அதுவும் போதவில்லை. பணக்கார நாடுகள் எதுவும் தராத நேரத்தில் நாம் ஏன் தாமாக முன்வந்து தர வேண்டும் என்று கேட்டார்கள். மறு ஆண்டு கான்குன் மாநாட்டில் எல்லா நாடுகளும் உரிய சட்ட வடிவில் கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும் என்று அவர் ஒரு வாக்கியம் பேச, அது ஊருக்குள் பெரும் சண்டையானது.

வாக்கெடுப்பு இல்லாமலே அவை போட்ட கோடு எங்கே இருக்கிறது என்று அந்தச் சண்டை காட்டியது. வளர்ச்சிக்கான இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் இந்தியக் கட்சிகளிடையே கருத்து வேறுபாடு ஏறக்குறைய கிடையாது. ஆளும் கட்சி மாறினாலும் பேச்சுவார்த்தை மேசையில் இந்தியாவின் குரல் பெரிதாக மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கிளாஸ்கோவில் நிலக்கரி பற்றிய வாசகத்தை மாற்றியது இந்தியாதானே?

வாசித்தது இந்தியா. 2021 நவம்பரில், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில், அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து நிலக்கரி மின்சாரத்தைப் ‘படிப்படியாக ஒழிப்பது’ என்பதைப் ‘படிப்படியாகக் குறைப்பது’ என்று மாற்றக் கோரினார். தலைமை வகித்த பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்கும்போது குரல் தழுதழுத்தது. உலகமெங்கும் ஒளிபரப்பான காட்சி.

ஆனால் ‘குறைப்பது’ என்னும் சொல் அதற்குச் சில நாள் முன்பே அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் வந்துவிட்டது. மூவருக்கும் உள்ளூரில் நிலக்கரி அரசியல் இருக்கிறது. பழி மட்டும் ஒருவர் தலையில் விடிந்தது. எண்ணெய், எரிவாயு பற்றி வாயே திறக்காத வாசகம் நிலக்கரியை மட்டும் தனியே நிறுத்தியது நியாயமா என்பதும் நல்ல கேள்விதான்.

இந்தியாவில் காலநிலைக்கெனத் தனிச் சட்டம் உண்டா?

ஒரே குடையாக ஒரு சட்டம் இல்லை. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆவது பிரிவுகளில் அடங்கும் என்று 2024-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கானமயில் பாதுகாப்பு தொடர்பான அந்த வழக்கிலேயே, இப்படியொரு தனிச் சட்டம் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. இருப்பவை துண்டு துண்டானவை. 2022-இல் நிறைவேறிய எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம், உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளை வாங்கி விற்கும் கார்பன் வரவு வணிகத்துக்கு வழி திறந்தது. 2030-க்குள் உமிழ்வுச் செறிவில் 45 சதவீதக் குறைப்பு, நிறுவப்பட்ட மின் திறனில் பாதி புதைபடிவம் சாராத மூலங்களிலிருந்து, 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் (வெளியாகும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாவது) ஆகிய இலக்குகள் எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

உறுப்பினர்கள் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். ஆனால் தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானது கடைசியாக 1970-இல்.

இலக்கைச் சட்டமாக எழுதிவைத்த நாடு எது?

முன்னோடி பிரிட்டன், 2008-இல். மசோதாவில் முதலில் 2050-க்குள் 60 சதவீதக் குறைப்பு என்றுதான் இருந்தது. அவையில் இருந்த காலத்தில் 80 ஆனது. மக்களவையின் இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு 463, எதிர்ப்பு 3. அந்த அக்டோபர் இரவில் லண்டனில் பனி பெய்துகொண்டிருந்தது. எதிர்த்தவர்களில் ஒருவரான பீட்டர் லில்லி எழுந்து அதைச் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

சட்டத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம் 2050 இலக்கில் இல்லை. தொலைவில் உள்ள ஆண்டுக்கு யாரும் வாக்குறுதி தரலாம். அன்று பதில் சொல்ல இவர் இருக்கமாட்டார். ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரம்பு, அதை அவை ஏற்க வேண்டும், தனி நிபுணர் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அரசு அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடுதான் விஷயம். 2019-இல் 80 சதவீதம் 100 ஆனபோது சுமார் ஒன்றரை மணி நேர விவாதம். வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் பயம். சண்டை போடாமல் வந்த ஒப்புதல், செலவுக் கணக்கு வீட்டு வாசலுக்கு வரும்போது நிற்குமா?

சட்டம் போட்டுவிட்டால் மாற்ற முடியாதல்லவா?

தாராளமாக மாற்றலாம். கனடாவில் 2007-இல் கியோட்டோவை நிறைவேற்றுவதற்கான சட்டத்தை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தார். சிறுபான்மை அரசு எதிர்த்தும் நிறைவேறியது. அரசு அதை மதிக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், இது நீதிமன்றம் கேட்கக்கூடிய விஷயமில்லை என்று தீர்ப்பு வந்தது. 2011 டிசம்பரில் கனடா கியோட்டோவிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது, 2012-இல் சட்டமே நீக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா இன்னும் சுவாரசியம். 2009-இல் ஆளும் கட்சியின் உமிழ்வு வணிக மசோதாவை ஆதரிக்க நினைத்த எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல், டிசம்பர் 1 அன்று ஒற்றை வாக்கில் (42-41) தலைமைப் பதவியை டோனி அபட்டிடம் இழந்தார். மறுநாள் மசோதா செனட்டில் தோற்றது. இலக்கு போதாது என்று பசுமைக் கட்சியும் எதிர்த்து வாக்களித்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பிறகு 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்று கார்பன் விலை வந்தது. 2014 ஜூலையில் அபட் அரசு அதை நீக்கியது. இரண்டே ஆண்டு. 2022-இல் மறுபடி ஒரு சட்டம், 43 சதவீதக் குறைப்பு இலக்கோடு.

விவாதங்களின் தரம் எப்படி?

இரண்டு பொருட்களைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

2015 பிப்ரவரி 26. அமெரிக்க செனட். சுற்றுச்சூழல் குழுவின் தலைவரான ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பனி உருண்டை ஒன்றை எடுக்கிறார். வெளியே இவ்வளவு குளிர், பூமி சூடாகிறதாம் என்கிறார். அவைத் தலைவரைப் பார்த்து ‘பிடியுங்கள்’ என்று வீசுகிறார்.

2017 பிப்ரவரி. ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவை. நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன் கருப்பாக எதையோ கையில் தூக்கிக் காட்டுகிறார். நிலக்கரிக் கட்டி. பயப்படாதீர்கள், கடிக்காது என்ற தொனியில் எதிர்வரிசையைக் கேலி செய்கிறார். கட்டி கைக்குக் கை மாறி வரிசையில் போகிறது. அடுத்த ஆண்டே அவர் பிரதமர்.

பனி உருண்டை கரைந்துவிட்டது. நிலக்கரிக் கட்டியை நான் அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டேன்; கோமாளித்தனத்துக்குள் ஒரு நிஜமான கேள்வி இருந்தது. சுரங்கத்தை நம்பி வாழும் ஊர்களுக்கு என்ன வழி என்று எதிர்வரிசையில் யாரும் அன்று திருப்தியாகப் பதில் சொல்லவில்லை.

‘உலக உமிழ்வில் எங்கள் பங்கு வெறும் ஒரு சதவீதம்’ என்ற வாதம் சரியா?

எல்லா நாட்டு அவைக்குறிப்புகளிலும் இருக்கும் வாதம். லண்டனில், கான்பெராவில், ஒட்டாவாவில் ஒரே வாக்கியம். எண்ணில் பெரிய தவறு இருக்காது; எதைக் கீழே வைத்து வகுக்கிறார்கள் என்பதில்தான் வித்தை. ஆண்டு உமிழ்வைப் பார்த்தால் சீனா முதலிடம். தொழிற்புரட்சியிலிருந்து கூட்டினால் அமெரிக்கா முதலிடம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால், கரியமில வாயுவில் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். அவரவர் தமக்குச் சாதகமான வகுத்தலைத்தான் அவைக்குக் கொண்டுவருவார்கள். 1992 ரியோ ஒப்பந்தத்தில் ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ என்று எழுதிவைத்தது இந்தச் சண்டையை முடிப்பதற்காக. ‘பொதுவான’ என்பதை ஒரு தரப்பு அழுத்திப் படிக்கிறது, ‘வேறுபட்ட’ என்பதை மறுதரப்பு.

வாக்குறுதி தந்த பணம் ஏன் வந்து சேர்வதில்லை?

வாக்குறுதி தருவது ஒருவர், பெட்டகத்தின் சாவி இன்னொருவரிடம். 2014-இல் ஒபாமா, வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைக் காலநிலை நிதிக்கு 300 கோடி டாலர் என்றார். காங்கிரஸ் அதற்கெனத் தனியாக ஒதுக்கவில்லை. வேறு தலைப்பில் இருந்த பணத்திலிருந்து எடுத்து, பதவியிறங்கும்வரை 100 கோடி கொடுத்தார். மீதி அவர் காலத்தில் வரவே இல்லை.

2009-இல் பேசப்பட்ட, 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்ற இலக்கு, நன்கொடை நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே 2022-இல்தான் எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன். 2024-இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று சுத்தியல் தட்டியதும் இந்தியப் பிரதிநிதி எழுந்து, இது வெறும் கண்கட்டு என்று கடுமையாக எதிர்த்தார். சுத்தியல் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

ஐரோப்பாவின் எல்லை வரி இதில் எங்கே வருகிறது?

ஓர் அவை போடும் சட்டம் மற்ற நாடுகளின் வாசலில் போய் நிற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவை உற்பத்தியானபோது வெளியான கார்பனுக்கு இறக்குமதியின்போது கட்டணம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் செய்தது. அந்த அக்டோபரில் கணக்கு காட்டும் கட்டம் தொடங்கியது. கட்டணப் பொறுப்பு 2026 ஜனவரி முதல். இந்தியாவும் சீனாவும் இதை வர்த்தகத் தடை என்கின்றன, மாநாடுகளில் விவாதப் பொருளாக்கக் கேட்கின்றன. தம் தொழில்கள் கார்பன் விலை கொடுக்கும்போது வெளியூர்ச் சரக்கு சும்மா வரக் கூடாது என்று ஐரோப்பிய உறுப்பினர்கள் தம் தொகுதியில் பதில் சொல்லியாக வேண்டும். 1997-இல் செனட் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அவர்கள் மறுத்து நின்றார்கள், இவர்கள் வரி போட்டார்கள்.

நீதிமன்றங்கள் தலையிட முடியுமா?

தலையிடுகின்றன. 2021-இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், 2030-க்குப் பிந்தைய குறைப்பைத் தெளிவாகச் சொல்லாத சட்டம் இளைய தலைமுறையின் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்றது. சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் 2030-க்கு 65 சதவீதக் குறைப்பு, 2045-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று திருத்தியது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், வனுவாட்டுவின் முன்முயற்சியால் கேட்கப்பட்ட ஆலோசனைக் கருத்தில், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றது. பாரிஸ் ஒப்பந்தத்தில் தண்டனை கிடையாது. அதன் இணக்கக் குழு யாரையும் தண்டிக்காது என்று ஒப்பந்தமே சொல்கிறது.

அமெரிக்கா 2022-இல் பெரிய சட்டம் போட்டதே, அது என்னவானது?

தூய எரிசக்திக்கு வரிச்சலுகைகளை அள்ளித் தந்த சட்டம். செனட்டில் 50-50, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கில் நிறைவேறியது. 2025 ஜூலையில் அந்தச் சலுகைகளில் பலவற்றை வெட்டிய சட்டமும் செனட்டில் 50-50. துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கில் நிறைவேறியது.

விவாதத்தைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வினைச்சொல்லை முதலில். ‘முயலும்’, ‘பரிசீலிக்கும்’, ‘ஊக்குவிக்கும்’ என்றெல்லாம் வந்தால் யாருக்கும் கடமை இல்லை. அடுத்து, யார் யாருக்கு எப்போது கணக்கு காட்ட வேண்டும் என்ற பிரிவு; அது இல்லாத மசோதா வாழ்த்து மடல். ‘மொத்த உமிழ்வு’, ‘உமிழ்வுச் செறிவு’, ‘வழக்கமான போக்கோடு ஒப்பிடுகையில்’ என்ற மூன்றையும் குழப்பிப் பேசும் உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருப்பார். அடிப்படை ஆண்டையும் பாருங்கள்: உமிழ்வு உச்சத்தில் இருந்த ஆண்டை அடிப்படையாக வைத்தால் குறைப்பு தாராளமாகத் தெரியும்.

அப்படியானால் அமெரிக்க செனட் எந்தக் காலநிலை ஒப்பந்தத்தையும் ஏற்கவே ஏற்காதா?

ஏற்றிருக்கிறது. 1992-இல் ரியோ ஒப்பந்தத்தை ஏற்றது. 2022 செப்டம்பர் 21 அன்று, குளிர்பதனப் பெட்டிகளிலும் ஏசி இயந்திரங்களிலும் பயன்படும், புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை 69-27 என்று ஏற்றது. குடியரசுக் கட்சியினர் பலரும் ஆதரித்தார்கள். மாற்று வாயுக்களைத் தயாரிப்பதில் அமெரிக்க நிறுவனங்கள் முன்னிலையில் இருந்தன; ஒப்பந்தத்தில் சேராவிட்டால் வெளிநாட்டுச் சந்தை போய்விடும் என்று தொழில்துறையே வந்து கேட்டுக்கொண்டது.

அன்று ஒப்புதலோடு இன்னொரு திருத்தமும் சேர்க்கப்பட்டது: அந்த ஒப்பந்தத்தில் சீனாவை வளரும் நாடாகக் கருதக் கூடாது என்று அமெரிக்கா கோர வேண்டும். அதற்கு விழுந்த வாக்கு 96-0.